மா. கிருஷ்ணன்: சட்டம் படித்துவிட்டுக் காட்டுக்குப் போன எழுத்தாளரைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பறவை பார்க்கப் போகும் இளைஞர்களிடமும் தமிழ் வாசகர்களிடமும் மா. கிருஷ்ணன் பெயரைச் சொன்னால் பெரும்பாலும் ஒரே மாதிரியான சந்தேகங்கள்தான் வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தொகுத்தேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில் வரும், கொஞ்சம் சிக்கலானவை கடைசியில்.

மா. கிருஷ்ணன்னா யாரு? பேரே கேள்விப்பட்டதில்லையே.

இந்தியக் காட்டுயிர்களைப் பற்றி ஐம்பது ஆண்டுகளுக்கும் மேல் எழுதியும் வரைந்தும் படமெடுத்தும் வந்த சென்னைக்காரர். 1912 ஜூன் 30 அன்று திருநெல்வேலியில் பிறந்தார். 1996 பிப்ரவரி 18 அன்று சென்னையில் காலமானார். சட்டப் பட்டம் பெற்றவர், ஒரு சமஸ்தானத்தில் நீதிபதியாக இருந்தவர். பிறகு எல்லா வேலையையும் விட்டுவிட்டு, காட்டில் பார்த்ததை எழுதியே வாழ்ந்தார்.

அவர் அதிகம் எழுதியது ஆங்கிலத்தில், அதுவும் கல்கத்தாவிலிருந்து வந்த ஒரு நாளிதழில். அதனால் வங்காளத்தில் அவரைத் தெரிந்த அளவுக்குச் சொந்த ஊரில் தெரியாமல் போய்விட்டது. எனக்கு இதில் தீராத வருத்தம் உண்டு.

'பத்மாவதி சரித்திரம்' எழுதின மாதவையாவோட பையனா இவர்?

ஆமாம். அ. மாதவையாவின் எட்டுப் பிள்ளைகளில் கடைசிப் பிள்ளை. மாதவையா உப்பு, சுங்க இலாகாவில் வேலை பார்த்தவர். முன்கூட்டியே ஓய்வு பெற்று, மயிலாப்பூரில் வீடு கட்டி, சொந்தமாக அச்சுக்கூடம் வைத்து 'பஞ்சாமிர்தம்' பத்திரிகை நடத்தினார். 1925 அக்டோபரில் சென்னைப் பல்கலைக்கழக செனட் கூட்டத்தில், பி.ஏ. படிப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று பேசி முடித்தவர் அங்கேயே இறந்துபோனார். அப்போது கிருஷ்ணனுக்கு 13 வயது.

அந்தக் குடும்பத்தில் சட்டமும் எழுத்தும் சேர்ந்தே ஓடியிருக்கின்றன. அண்ணன் மா. அனந்தநாராயணன் ஐ.சி.எஸ். அதிகாரியாகி, 1966 முதல் 1969 வரை சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்தார். ஆங்கிலத்தில் நாவலும் எழுதினார். தமிழில் அறிவியல் எழுத்துக்கு வழி போட்ட பெ.நா. அப்புஸ்வாமி இவர்களுக்கு உறவினர். அவரும் வக்கீல்தான். இப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த பையன் சட்டக் கல்லூரிக்குப் போனதில் ஆச்சரியமில்லை. அங்கேயே தங்கிவிடாததுதான் யோசிக்க வைக்கிறது.

செடி கொடி ஆர்வம் எங்கிருந்து வந்தது? வீட்டில் எல்லாரும் இலக்கியக்காரங்களாச்சே.

மயிலாப்பூர் அன்று இன்றைய மயிலாப்பூர் இல்லை. தோட்டமும் தோப்பும் குளமுமாக இருந்த ஊர். இருந்தாலும் அந்த ஆர்வத்துக்கு முறையான பயிற்சி கிடைத்தது மாநிலக் கல்லூரியில். அங்கே தாவரவியல் பேராசிரியராக இருந்தவர் பி.எஃப். ஃபைசன். நீலகிரி, பழனி மலைகளின் தாவரங்களைப் பற்றி அவர் தொகுத்த நூல்களைத் தாவரவியல் படிப்பவர்கள் இன்றும் புரட்டுகிறார்கள். அவர் களப்பணிக்காக நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போனபோது கிருஷ்ணனையும் அழைத்துப் போயிருக்கிறார்.

ஃபைசனின் மனைவி நல்ல ஓவியர். நீர்வண்ண ஓவியத்தைக் கிருஷ்ணன் அவரிடம்தான் கற்றார். ஒரு செடியை வரைய வேண்டும் என்றால் இலை எந்தக் கோணத்தில் கிளம்புகிறது, காம்பு எங்கே வளைகிறது என்று பார்த்தே ஆக வேண்டும். கிருஷ்ணனின் உரைநடையில் வரும் நுணுக்கத்துக்கு இந்த ஓவியப் பயிற்சியே வேர் என்பது என் எண்ணம்.

சட்டம் படிச்சவர் ஏன் வக்கீலா போகலை?

போனார், ஆனால் நிலைக்கவில்லை. 1931-இல் பி.ஏ., அதன்பின் எம்.ஏ., 1936-இல் சட்டப் பட்டம். கொஞ்ச காலம் வக்கீல் தொழில் பார்த்தார். அடுத்த ஆண்டே திருமணம். அப்புறம் அச்சகம், ஓவியப் பள்ளி, அகில இந்திய வானொலி என்று பல இடங்களில் சின்னச் சின்ன வேலைகள். கூடவே பத்திரிகைகளுக்குப் படம் வரைந்து, கட்டுரையும் எழுதிக்கொண்டிருந்தார். முப்பதுகளின் சென்னையில் பட்டம் பெற்ற ஒருவருக்கு இது வசதியான வாழ்க்கை இல்லை. 1942-இல் சண்டூரிலிருந்து வேலை வந்ததும் கிளம்பிவிட்டார்.

சண்டூர் எங்க இருக்கு? அங்கே நீதிபதியா இருந்தார்னு சொல்றாங்களே, நிஜமா?

நிஜம்தான். சண்டூர் இன்றைய கர்நாடகத்தில், பெல்லாரிப் பக்கம், ஹொஸ்பேட்டைக்கு அருகே இருக்கிறது. கோர்படே என்ற மராத்திய வம்சத்தார் ஆண்ட சின்ன சமஸ்தானம். மலை சூழ்ந்த பள்ளத்தாக்கு. இரும்புத் தாதும் மாங்கனீசும் அங்கே ஏராளம். சின்ன சமஸ்தானம் என்பதால் ஒரே ஆள் பல வேலை பார்க்க வேண்டியிருந்தது. பள்ளி ஆசிரியர், நீதிபதி, விளம்பர அதிகாரி, மகாராஜாவின் அரசியல் செயலாளர் என்று எல்லாப் பொறுப்பிலும் கிருஷ்ணன் இருந்திருக்கிறார்.

ஆனால் அந்த ஏழெட்டு ஆண்டுகளில் அவருக்குக் கிடைத்த பெரிய செல்வம் அந்த நிலப்பரப்பு. முள்காடும் பாறைக்குன்றும் வறண்ட புல்வெளியும் வீட்டு வாசலிலேயே தொடங்கின. ஆடு மேய்த்துப் பார்த்தார். கடிதம் கொண்டுபோகப் பழக்குவதற்காகப் புறா வளர்த்தார். விஜயநகர இடிபாடுகளுக்கு நடுவே அலைந்தார். சாகசம் என்றால் நமக்குப் புலியும் துப்பாக்கியும்தான் நினைவுக்கு வரும். சமஸ்தான நீதிபதி ஒருவர் ஆட்டு மந்தைக்குப் பின்னால் போய், மேய்ச்சல் என்றால் என்ன என்று தெரிந்துகொண்டதையும் நான் சாகசத்தில்தான் சேர்ப்பேன்.

நல்ல வேலையில இருந்தவர் ஏன் விட்டுட்டு வந்தார்?

1949-இல் சண்டூர் இந்தியாவுடன் இணைந்தது. சமஸ்தானம் போனதும் அந்தப் பதவிகளும் போயின. வேறு அரசு வேலைக்குப் போக வாய்ப்பு இருந்தும் அவர் போகவில்லை. சென்னைக்குத் திரும்பி, இனி எழுத்தும் படமும்தான் பிழைப்பு என்று முடிவு செய்தார். அப்போது வயது 37, குடும்பஸ்தர்.

இந்த முடிவை நான் அவர் வாழ்க்கையின் மையமாகப் பார்க்கிறேன். பின்னாளில் வனத்துறையையும் அரசுத் திட்டங்களையும் அவரால் அவ்வளவு வெளிப்படையாக விமர்சிக்க முடிந்ததற்குக் காரணம், அவர் யாரிடமும் சம்பளம் வாங்கவில்லை என்பதே.

46 வருஷம் ஒரே பத்தி எழுதினார்னு சொல்றது மிகைதானே?

மிகை இல்லை. கல்கத்தா 'தி ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 'கன்ட்ரி நோட்புக்' என்ற பத்தியை 1950-இல் தொடங்கினார். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வரும். கடைசிக் கட்டுரை வெளியான நாள் 1996 பிப்ரவரி 18. முதல் பதிலில் சொன்ன இறந்த தேதியும் அதேதான்.

எழுதியது முழுக்கப் புலியும் யானையும் இல்லை. அணில், மைனா, பல்லி, தவளை, தெருநாய், முருங்கை மரம், வண்டிமாடு, எல்லாம் அதில் வரும். காட்டுக்குப் போக முடியாத மாதங்களில் கொல்லைப்புறத்தைப் பார்த்தே எழுதுவார். 1961-இல் வந்த தொகுப்புக்கு 'ஜங்கிள் அண்ட் பேக்யார்ட்' என்றே பெயர். காடும் கொல்லையும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருக்கும். அவருக்கு இரண்டிலும் ஒரே கவனம்.

ஜிம் கார்பெட் மாதிரி வேட்டைக்காரரா இருந்து மாறினவரா?

அந்த ஒப்பீடு பொருந்தாது. கார்பெட் குமாவூனில் ஆட்கொல்லிகளைச் சுட்டவர், பிறகு படமெடுக்கத் திரும்பியவர். கிருஷ்ணன் காட்டுக்குள் எடுத்துச் சென்றவை கேமராவும் குறிப்பேடும். அவர் கட்டுரைகளில் உயிர் போகும் நொடிகள் குறைவு. ஒரு காட்டெருமைக் கூட்டம் மேய்வதை மணிக்கணக்கில் பார்த்தது அதிகம்.

வாசிக்கத் தொடங்கும் சிலருக்கு இது ஏமாற்றமாக இருக்கிறது என்பதும் தெரியும். நாலைந்து கட்டுரை தாண்டிப் படியுங்கள். ஒன்றுமே நடக்காதது போலத் தெரியும் இடத்தில் எவ்வளவு நடக்கிறது என்பது பிடிபட்டுவிடும்.

கேமராவை அவரே கையால செஞ்சாராமே?

முழுக்கச் செய்யவில்லை, கோத்துச் சேர்த்தார். ஒரு கம்பெனியின் கேமரா உடல், இன்னொன்றின் தொலைவு லென்ஸ், வேறெங்கோ கிடைத்த பாகங்கள் எல்லாவற்றையும் தன் தேவைக்கு இணைத்துக்கொண்டார். அந்தக் கனத்த கருவிக்கு அவர் வைத்த பெயர் 'சூப்பர் பாண்டரோசா'. அசாமில் வாழ்ந்த இயற்கையாளர் இ.பி. கீ, இதைப் பார்த்துவிட்டுக் கம்பி போட்டுக் கட்டியிருப்பார் போல என்று வியந்து எழுதியிருக்கிறார்.

இதைத் தூக்கிக்கொண்டு நடந்தும், பழக்கிய யானையின் முதுகில் ஏறியும் படமெடுத்தார். முதுமலை, பந்திப்பூர், பெரியாறு ஆகியவை அவர் திரும்பத் திரும்பப் போன காடுகள்.

அப்போ ஏன் எல்லாமே கறுப்பு-வெள்ளை? கலர் பிலிம் இல்லையா?

இருந்தது. அவர் கடைசிவரை கறுப்பு-வெள்ளையை விடவில்லை. காட்டுக்குள் வெளிச்சம் குறைவு, தொலைவு லென்ஸோ நிறைய வெளிச்சம் கேட்கும். அந்தக் காலத்து வண்ணப் பிலிம் அதற்கு ஈடுகொடுப்பது கடினம். ஆனால் வசதிக்காக மட்டும் அவர் அதைத் தேர்ந்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை. ஓவியப் பயிற்சி பெற்ற கண் அவருடையது. தோலின் சுருக்கம், தசையின் திரட்சி, சுற்றியுள்ள புல்லின் உயரம், இவை கறுப்பு-வெள்ளையில் துல்லியமாகத் தெரிகின்றன. அவருடைய யானைப் படங்களில் முகம் மட்டும் வெட்டி நிற்பது அபூர்வம். யானை எந்த இடத்தில் நிற்கிறது என்பதும் படத்தில் இருக்கும்.

தமிழ்ல எழுதியிருக்காரா? எதை முதல்ல படிக்கலாம்?

எழுதியிருக்கிறார், அருமையாக எழுதியிருக்கிறார். தமிழ் இதழ்களில் வந்த அவருடைய கட்டுரைகளை சு. தியடோர் பாஸ்கரன் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற பெயரில் தொகுத்தார். அதிலிருந்து தொடங்குங்கள். வாக்கியங்கள் சின்னவை, சொற்கள் பழக்கமானவை. பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போலப் போகும். வாசித்து முடித்ததும் தெரு மரத்தை நிமிர்ந்து பார்ப்பீர்கள்.

அடுத்தது பெருமாள்முருகன் பதிப்பித்த 'பறவைகளும் வேடந்தாங்கலும்'. பெரியசாமித் தூரன் தலைமையில் உருவான கலைக்களஞ்சியத்துக்கும் விலங்கு, பறவைகள் பற்றிய கட்டுரைகளைக் கிருஷ்ணன் எழுதினார். 'கதிரேசன் செட்டியாரின் காதல்' என்ற துப்பறியும் நாவலும் உண்டு! ஆங்கிலத்தில் படிப்பவர்களுக்கு ராமச்சந்திர குஹா தொகுத்த 'நேச்சர்ஸ் ஸ்போக்ஸ்மன்' நல்ல வாசல்.

விஞ்ஞானப் பட்டம் இல்லாதவரை விலங்கியல் நிபுணர்னு எப்படி ஏத்துக்கறது?

இதை நேராகக் கேட்பவர்களை எனக்குப் பிடிக்கும். அவர் ஆய்வுக்கூட விஞ்ஞானி இல்லை. ஆனால் 1960-களின் இறுதியில் ஜவஹர்லால் நேரு நிதிநல்கை பெற்று, தீபகற்ப இந்தியாவின் பெரிய பாலூட்டிகளைக் காடு காடாகப் போய் ஆராய்ந்தார். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்விதழில் அது பகுதி பகுதியாக வந்தது. 1975-இல் புத்தகமாகவும் வெளியானது. யானை, காட்டெருமை, மான் வகைகள், செந்நாய், சிறுத்தை என்று ஒவ்வொன்றும் அன்று எந்தக் காட்டில் எந்த நிலையில் இருந்தது என்பதற்கு அது ஒரு முக்கியமான ஆவணம்.

அதில் அவர் எழுதும் முறையைக் கவனியுங்கள். நேரில் பார்த்தது எது, காட்டுவாசி சொன்னது எது, தான் ஊகித்தது எது என்று பிரித்துச் சொல்லுவார். நீதிமன்றத்தில் சாட்சியத்தை எடைபோட்ட ஒருவரின் பழக்கமாகவே எனக்கு அது தெரிகிறது. சட்டப் படிப்பு வீணாகப் போய்விட்டதா என்று கேட்பவர்களுக்கும் இதையே பதிலாகச் சொல்வேன்.

யானைங்க நமக்குக் கேட்காத சத்தத்துல பேசும்னு முதல்ல கண்டுபிடிச்சது இவர்தானா?

கவனித்துக் குறித்தவர் இவர், நிரூபித்தவர்கள் வேறு. மேலே சொன்ன ஆய்வின் யானைப் பகுதி 1972-இல் வெளிவந்தது. மனிதக் காதுக்கு எட்டாத அளவு தாழ்ந்த ஒலிகளால் யானைகள் தொடர்புகொள்வதை முதலில் குறித்தவராக அவரைச் சொல்கிறார்கள்.

நம் காதுக்கு ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே கேட்காது. 1984-இல் அமெரிக்காவின் போர்ட்லாண்ட் விலங்குக் காட்சிச்சாலையில் ஆசிய யானைகள் அருகே நின்ற ஆய்வாளர் கேத்தரின் பெய்ன், காற்றில் ஓர் அதிர்வை உடம்பால் உணர்ந்தார். பிறகு கருவிகளால் பதிவு செய்து பார்த்தபோது 14 முதல் 24 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகள் இருப்பது தெரிந்தது. அந்த ஆய்வுக் கட்டுரை 1986-இல் வந்தது. ஆகவே 'கண்டுபிடித்தார்' என்று கிருஷ்ணனுக்கு முழுப் பாராட்டும் கொடுக்க வேண்டியதில்லை. கருவி எதுவும் இல்லாமல், காட்டில் நின்று பார்த்தே அவ்வளவு தூரம் வந்திருக்கிறார் என்பது போதுமான பெருமை.

வனவிலங்குச் சட்டம், புலித்திட்டம் எல்லாம் இவர் கொண்டுவந்ததா?

இல்லை, அப்படிச் சொல்வது தவறு. அவை பலர் உழைப்பில் வந்தவை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் நிறைவேறியது. புலித்திட்டம் 1973 ஏப்ரலில் ஒன்பது காப்பகங்களோடு தொடங்கியது. கிருஷ்ணன் இந்திய வனவிலங்கு வாரியத்தில் நீண்ட காலம் உறுப்பினராக இருந்தார். புலித்திட்ட வழிகாட்டுக் குழுவிலும் பணியாற்றினார். 1970-இல் பத்மஸ்ரீ வந்தது.

குழுவில் இருந்ததால் வாயை மூடிக்கொள்ளவில்லை. இயற்கைக் காட்டை வெட்டித் தைலமரமும் தேக்கும் நட்டு அதையும் காடு என்று கணக்குக் காட்டும் வழக்கத்தை அவர் ஏற்கவே இல்லை.

குல்மோஹர் மரம்கூட வேண்டாம்னாராமே? அது ரொம்ப ஓவர் இல்லையா?

சாலையோரத்தில் அழகுக்காக அயல்நாட்டு மரங்களை நடுவதை அவர் எதிர்த்தார். குல்மோஹர் மடகாஸ்கரிலிருந்து வந்தது, தூங்குமூஞ்சி தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. நம்மிடம் கொன்றை, புன்னை, பூவரசு, புங்கம், வேம்பு எல்லாம் இருக்கும்போது எதற்கு இவை என்பது இயல்பான கேள்விதான்.

இதன் பின்னால் பெரிய எண்ணம் ஒன்று இருக்கிறது. ஒரு நாட்டின் அடையாளம் மாறிக்கொண்டே இருக்கும் மனிதப் பண்பாட்டைவிட, அதன் நிலம், தாவரம், விலங்கு ஆகியவற்றைச் சார்ந்தது என்று அவர் எழுதினார். அவருடைய நாட்டுப்பற்று அது. தூங்குமூஞ்சி நிழலில் வளர்ந்த எனக்கு அந்த மரத்தை வெட்ட மனம் வராது. ஆனால் புதிதாக நடும் இடத்தில் புங்கமோ பூவரசோ வைக்கலாம் என்பதில் அவரோடு நிற்கிறேன்.

காட்டுக்குள்ள மனுஷனே இருக்கக் கூடாதுன்னு சொன்னவர்தானே? பழங்குடிகள் எங்க போவாங்க?

காட்டைச் 'சீர்திருத்தாமல்', தலையிடாமல் விடுவதே பாதுகாப்பு என்பது அவர் வாதம். மனிதத் தொல்லை இல்லாத காப்பிடங்கள் வேண்டும் என்று உறுதியாக நம்பினார். அவர் எழுதிய காலத்தில் நீர்மின் திட்டங்களும், ஏலக்காய், தேயிலைத் தோட்டங்களும், திருட்டு வேட்டையும் காடுகளைத் தின்றுகொண்டிருந்தன. அந்தப் பதற்றத்தை வைத்துத்தான் அவரைப் படிக்க வேண்டும்.

இருந்தாலும் இந்த இடத்தில் நான் அவரோடு முழுக்க ஒத்துப்போகவில்லை. அணை கட்டும் அரசும் தேன் எடுக்கும் குறும்பரும் காட்டின் மேல் செலுத்தும் பாரம் ஒன்றல்ல. காட்டில் வாழ்பவர்களுக்கு உரிமை தரும் வன உரிமைச் சட்டம் 2006-இல்தான் வந்தது, அவர் காலமாகிப் பத்தாண்டுக்குப் பிறகு. காப்பகத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் பட்ட கஷ்டம் பற்றிய விவாதங்களை அவருடைய கட்டுரைகளில் தேடினால் போதுமான அளவு கிடைக்காது.

இதற்கு மாறான சான்று ஒன்றும் அவர் எழுத்துக்குள்ளேயே இருக்கிறது. அவர் அத்தனை ஈடுபாட்டோடு எழுதிய வேடந்தாங்கல் ஆளில்லாத காடு கிடையாது. ஊர் ஏரி. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று தெரிந்த விவசாயிகள் தலைமுறை தலைமுறையாகக் காத்த இடம். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊர் மக்கள் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, 18-ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில், சுடக் கூடாது என்று கவுல், அதாவது உறுதிப் பத்திரம், எழுதி வாங்கினார்கள். வனவிலங்குச் சட்டத்துக்கு ஏறத்தாழ 175 ஆண்டுகள் முன்னால் நடந்தது இது.